பழைய பென்டிரைவை நம்பி ஓஎஸ் போடாதீர்கள்

ஓஎஸ் போடத் தெரிந்தவர் என்று தெருவில் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிடுவார்கள். வருகிறவர்களில் பலர் கையில் ஒரு பென்டிரைவும் இருக்கும். "இதுலயே விண்டோஸ் இருக்குண்ணா, ஃபிரெண்டு போட்டுக் குடுத்தான்" என்பார்கள். எப்போது போட்டது என்று கேட்டால் பதில் வராது. அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைத் தயார் செய்த பிறகுதான் நான் வேலையைத் தொடங்குவேன். பார்க்கிறவர்களுக்கு இது வீம்பாகத் தெரியலாம், ஆனால் காரணம் இருக்கிறது.

பென்டிரைவில் எழுதும் ஐஎஸ்ஓ ஃபைலில் இருப்பது, அது வெளியான நாளில் ஓஎஸ் எப்படி இருந்ததோ அதுதான். பிறகு வந்த பாதுகாப்பு அப்டேட்டோ டிரைவரோ அதில் இருக்காது. போட்டு முடித்ததும் தானாக அப்டேட் ஆகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகும், நெட் கிடைத்தால். நெட் கிடைக்க வைஃபை ஓட வேண்டும், வைஃபை ஓட டிரைவர் வேண்டும். போன வருஷம் வாங்கிய லேப்டாப்பின் வைஃபை கார்டு, நாலு வருஷத்துக்கு முந்தைய ஐஎஸ்ஓவுக்கு யாரென்றே தெரியாது.

அப்டேட்டே வராமல் போன கதையும் உண்டு. 2024 அக்டோபர், நவம்பர் மாதப் பாதுகாப்பு அப்டேட்டுகள் சேர்ந்த விண்டோஸ் 11 24ஹெச்2 பதிப்பின் பென்டிரைவிலிருந்து நிறுவினால், அந்தக் கணினி அதற்குப் பிந்தைய பாதுகாப்பு அப்டேட்டுகளை ஏற்காமல் நின்றுவிடக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்தது. டிசம்பர் அப்டேட் சேர்ந்த புது மீடியாவைச் செய்து அதிலிருந்து போடுங்கள் என்றார்கள். அந்த இரண்டு மாதத்தில் செய்த பென்டிரைவ்கள் இன்னும் எத்தனை பேருடைய மேசை டிராயரில் கிடக்கின்றனவோ!

லினக்ஸிலும் இதே விஷயம்தான், ஆனால் அங்கே தேதியைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உபுண்டு 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வந்தது. அதே 24.04-இல் 24.04.2, 24.04.3 என்று பின்னால் எண் கூடிக்கொண்டே போகும். புதிதாக ஓஎஸ் போடுகிறவர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கவனிப்பதே இல்லை. முதலில் வந்த 24.04-இல் இருந்த கெர்னல் 6.8. 2025 ஆகஸ்டில் வந்த 24.04.3-இல் 6.14. இந்த இடைவெளியில் வெளியான வைஃபை சிப், கிராஃபிக்ஸ், டச்பேட் பலவும் புது கெர்னலில்தான் ஓடும். டெபியனில் வித்தியாசம் இன்னும் பெரிது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்துதான் வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ இன்ஸ்டாலரோடு சேர்த்துத் தருகிறார்கள். அதற்கு முந்தைய டெபியன் பென்டிரைவை வைத்துக்கொண்டு வைஃபை வரவில்லை என்று மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. நெட்டே இல்லாமல் மாட்டிக்கொண்டால், ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

சரி, எங்கிருந்து இறக்குவது? விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல். இறக்குவது, பென்டிரைவில் எழுதுவது இரண்டையும் அதுவே செய்துவிடும். குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் கேட்கும். 16 ஜிபியாக இருந்தால் நல்லது. டிரைவர்களைப் போட்டுவைக்க இடம் வேண்டும், ஏன் என்று கீழே சொல்கிறேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொது ஆதரவு முடிந்துவிட்டது. அதைப் புதிதாகப் போட்டுத் தரச் சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுவேன். லினக்ஸ் என்றால் அந்தந்த டிஸ்ட்ரோவின் சொந்தத் தளம் மட்டுமே. டெலிகிராமில் சுற்றும் 'எல்லாம் சேர்த்த' விண்டோஸ் ஐஎஸ்ஓக்களை நான் தொடுவதில்லை. ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் இலவசமாகச் சேர்த்துத் தருகிறவர் வேறு எதைச் சேர்த்தார் என்று யார் கண்டது?

சொந்தத் தளத்திலிருந்து இறக்கினாலும், ஃபைல் மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் செக்சம் பார்க்க வேண்டும். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோட் இணைப்பை பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று இறக்கியவர்களுக்குத் தளம் அசல், ஃபைல்தான் போலி. ஹேக்கர் வராவிட்டாலும், செல்போன் ஹாட்ஸ்பாட்டில் விட்டு விட்டு 5, 6 ஜிபி இறக்கும்போது ஃபைல் கெட்டுப்போவது சகஜம். செக்சம் பார்ப்பதும் சுலபம்தான். செவன்-ஸிப் இருந்தால் ஐஎஸ்ஓமேல் ரைட் கிளிக் செய்து எஸ்ஹெச்ஏ-256-ஐத் தேர்ந்தெடுங்கள். 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரி வரும். தளத்தில் கொடுத்திருக்கும் வரியோடு ஒப்பிடுங்கள். முதல் நாலு எழுத்தைப் பார்த்துவிட்டு சரி என்று விட்டுவிடாமல், இரண்டையும் நோட்பேடில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள்.

ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளே இருப்பதை எல்லாம் பென்டிரைவில் காப்பி-பேஸ்ட் செய்தால் ஆகாதா என்பது வழக்கமான கேள்வி. சில ஐஎஸ்ஓவில் ஆகும். விண்டோஸில் பெரும்பாலும் ஆகாது. கணினியைப் பூட் செய்யும் யூஇஎஃப்ஐ எல்லாக் கணினியிலும் நிச்சயமாகப் படிப்பது ஃபேட்32 ஃபார்மட்டை, ஃபேட்32-இல் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவில் இருக்கும் இன்ஸ்டால் டாட் விம் அதைத் தாண்டிவிடும். காப்பி பாதியில் நிற்பது இதனால்தான். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதித் தரும் ரூஃபஸ் என்ற கருவி இந்தச் சிக்கலைத் தானே சமாளித்துவிடும். அதில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: பார்ட்டிஷன் ஸ்கீம். சுமார் பத்து வருஷத்துக்குள் வாங்கிய கணினி என்றால் ஜிபிடி, பழைய பயாஸ் கணினி என்றால் எம்பிஆர். 'லிஸ்ட் யூஎஸ்பி ஹார்ட் டிரைவ்ஸ்' என்ற பெட்டியை மட்டும் டிக் செய்ய வேண்டாம். அது காலியாக இருக்கும்வரை, கல்யாண வீடியோ இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் அந்தப் பட்டியலிலேயே வராது.

டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத கணினியிலும் விண்டோஸ் 11 போடும் வசதியை ரூஃபஸ் தருகிறது. சோதித்துப் பார்க்கும் கணினியில் செய்யலாம். அப்பாவின் கடைக் கணக்கு இருக்கும் கணினியில் நான் செய்யமாட்டேன். அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. பல ஐஎஸ்ஓக்களை ஒரே பென்டிரைவில் வைத்துக்கொள்ள வென்டாய் அருமையான கருவி, ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி செய்தால் போதும். ஆனால் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் முதல் தடவை நீலத் திரையில் கீ சேர்க்கச் சொல்லும். முதல்முறை ஓஎஸ் போடுகிறவர் அந்தத் திரையைப் பார்த்துப் பயந்துபோவார். அவருக்கு ரூஃபஸே போதும்.

அந்த டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். ஓசூரிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, டிஸ்க்கே காட்டமாட்டேங்குது. எஸ்எஸ்டி செத்துப்போச்சா?" திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எங்கே நிறுவ வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும் கட்டம். பட்டியல் வெறுமையாக இருந்தது. எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற கன்ட்ரோலர் ஆனிலேயே வருகிறது. அதற்கான டிரைவர் இன்ஸ்டாலரில் இல்லையென்றால் பின்னால் இருக்கும் டிஸ்க் தெரியாது. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்தால் அதற்கான ஐஆர்எஸ்டி டிரைவர் கிடைக்கும். அதைப் பிரித்து, ஐஎன்எஃப் ஃபைல் இருக்கும் ஃபோல்டரை அதே பென்டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் 512 ஜிபி டிஸ்க் வந்துவிட்டது. இப்போதெல்லாம் மாடல் எண்ணைக் கேட்டு, வைஃபை டிரைவரையும் ஐஆர்எஸ்டியையும் முதலிலேயே பென்டிரைவில் போட்டுவிடுகிறேன். விஎம்டியை பயாஸில் அணைத்தாலும் டிஸ்க் தெரியும்தான். ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் அதன்பின் பூட் ஆகாமல் போகலாம்.

பென்டிரைவில் பூட் செய்வதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி பிட்லாக்கர் பற்றியது. விண்டோஸ் 11-இல், குறிப்பாக 24ஹெச்2 போட்ட கணினிகளில், நமக்குத் தெரியாமலே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். பயாஸில் ஏதாவது மாற்றினால் அடுத்த முறை 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் நான் பென்டிரைவைச் செருகுவேன். பேக்கப் எடுத்தாயிற்றா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். "ஒண்ணும் முக்கியமில்ல, அடிச்சிருங்க" என்கிறவர்தான் மறுநாள் போட்டோக்களைக் கேட்பார்.

பூட் மெனு கீ டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12-ஐ பயாஸுக்குள் போய் இயக்க வேண்டியிருக்கும். பவர் பட்டனை அழுத்தியதுமே தட்டத் தொடங்குங்கள்.

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த பழைய இலவச லேப்டாப்களும் அடிக்கடி வருகின்றன. அவற்றில் பல, விண்டோஸோடு சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை. விண்டோஸ் 11-க்கு அவை லாயக்கில்லை. 64 பிட் பிராசசரும் 4 ஜிபி ராமும் இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுத் தருகிறேன். ரூஃபஸில் பெரும்பாலும் எம்பிஆர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஹார்ட் டிஸ்க்கை மாற்றி ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால், பிள்ளைகள் டைப் அடிக்கவும் பாடம் பார்க்கவும் தாராளமாக ஓடும்.

வேலை முடிந்ததும் பென்டிரைவில் ஒரு துண்டு டேப் ஒட்டி, எந்த ஓஎஸ், எந்த மாதம் என்று எழுதிவிடுவேன். வைத்துக்கொள்ள வேண்டாம், பாட்டு ஏற்ற வேண்டும் என்றால் ரூஃபஸிலேயே 'நான் பூட்டபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுங்கள். டிடி முறையில் எழுதிய லினக்ஸ் பென்டிரைவை விண்டோஸில் செருகும்போது அளவு குறைவாகக் காட்டும், ஃபார்மட் பண்ணச் சொல்லியும் கேட்கும். பென்டிரைவ் போய்விட்டது என்று குப்பையில் போட வேண்டாம், அதற்கும் இதே வழிதான்.