சொட்டும் குழாய்

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றன.

வீட்டுக் குழாயில் நிமிடத்துக்கு 10 மில்லி சொட்டுகிறது என்று வைப்போம். ஒரு நாளில் 14 லிட்டர் வீணாகும். ஏறக்குறைய ஒரு குடம்!

திருகு குழாய்க்குள் ரப்பர் வாஷர் இருக்கும். அது தேய்ந்தால் தண்ணீர் கசியும். சிலர் குழாயை இன்னும் இறுக்கித் திருகுவார்கள். அதனால் வாஷர் மேலும் நசுங்கும். மாற்றுவதே வழி.

முதலில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். பிறகு வால்வை மூட வேண்டும். குழாயைத் திறந்து மீதித் தண்ணீரை வடிக்க வேண்டும். குழாயின் தலையை ஸ்பேனரால் கழற்றினால் வாஷர் தெரியும். பழைய வாஷரைக் கடையில் காட்டினால் அதே அளவு கிடைக்கும். விலையும் குறைவுதான். புதியதைப் பொருத்தி, தலையை முடுக்கி, வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும்.