புது ரவுட்டரும் விட்டுப்போன வழியும்

நெட்வொர்க் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ரவுட்டரை மாற்றியபின் எதிர்முனையுடன் பி.ஜி.பி. இணைப்பு கிடைத்துவிடும், ஆனால் நம் முகவரித் தொகுதி அங்கே போய்ச் சேராது. தண்டவாளம் சரி, கால அட்டவணையில்தான் நம் ஊர் இல்லை! நாம் அனுப்புவது போகும். பதில் திரும்பி வர வழியிராது.

இரண்டைப் பாருங்கள். ஒன்று, நெட்வொர்க் கட்டளையில் /22 என்று எழுதி, ரவுட்டரின் வழி அட்டவணையில் /24 மட்டும் இருந்தால் அறிவிப்பு போகாது. பழையதில் இதற்கென எழுதியிருந்த நிலையான வழி விடுபட்டிருக்கலாம்.

இரண்டு, அனுப்பும் கொள்கை. பிற நிறுவன இணைப்பில் கொள்கை எழுதாவிட்டால் எதையும் அனுப்பவோ ஏற்கவோ கூடாது என்கிறது 2017-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8212. சிஸ்கோவின் பழைய ஐ.ஓ.எஸ். எழுதாவிட்டாலும் அனுப்பும், ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஆர். அனுப்பாது.

மாற்றுமுன் பழைய ரவுட்டரின் அறிவிப்புப் பட்டியலை எடுத்து வையுங்கள். புதியதுடன் ஒப்பிட்டால் விடுபட்டது உடனே தெரியும்.