நாற்பத்துமூன்றாண்டு அரசு

இராசபாளையத்தை அடுத்துச் சோழபுரம் என்னும் ஊர் உள்ளது. பாண்டிய நாட்டின் நடுவே சோழன் பெயரால் ஓர் ஊர் இருத்தல் வியப்பன்று. பத்தாம் நூற்றாண்டு முதல் நெடுங்காலம் பாண்டிய நாடு சோழர்க்கு அடங்கியிருந்தது. அவ்வாட்சியை நினைவூட்டும் பெயர்கள் தென்னாட்டில் இன்றும் பல உள. ஆயின், எல்லா அரசுகளும் ஊர்ப்பெயரில் நிலைத்து நிற்பதில்லை. சோழரும் பாண்டியரும் தளர்ந்தபின், மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஒரு தனியரசு தோன்றி, 43 ஆண்டுகளே நிலவி, வடக்கே இருந்த பேரரசினுள் மறைந்தது. மதுரைச் சுல்தான்களின் அரசே அது. அதன் வரலாற்றை இன்று நாம் அறிவது பெரும்பாலும் சில காசுகளாலும், அயல்நாட்டுப் பயணி ஒருவரின் குறிப்பாலும், அரசி ஒருத்தி பாடிய காவியத்தாலுமே ஆகும்.

அவ்வரசு தோன்றுதற்கு வழி வகுத்தது பாண்டியரின் உடன்பிறப்புப் பகையே. மாறவர்மன் குலசேகர பாண்டியன் மறைந்ததும் அவன் மக்களாகிய சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்குப் போர் தொடுத்தனர். வீடு இரண்டுபட்டிருந்த அந்நேரத்தில், 1311-ஆம் ஆண்டில், டில்லிப் படைத்தலைவன் மாலிக் காபூர் மதுரை வரை வந்து பெரும்பொருளைக் கவர்ந்து சென்றான். அவன் வந்தது பொருளுக்கே. நாட்டை ஆள்வதற்கு அன்று. நாட்டைக் கைக்கொள்ளும் எண்ணத்துடன் டில்லிப் படை வந்தது 1323-ஆம் ஆண்டிலேயாகும். அது முதல் மதுரை, ‘மாபார்’ என்னும் பெயருடன் டில்லிப் பேரரசின் ஒரு பகுதியாயிற்று.

டில்லிக்கும் மதுரைக்கும் இடையே உள்ள தொலைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓலை ஒன்று போய் மறுமொழி வருதற்கே பல திங்கள் செல்லும். அத்துணைத் தொலைவில் உள்ள ஆளுநன் அரசனாக விரும்பின், அவனைத் தடுப்பவர் யார்? ஜலாலுத்தீன் அஹ்சன் என்னும் ஆளுநன் 1335-ஆம் ஆண்டளவில் தன்னையே சுல்தான் என அறிவித்துத் தன் பெயரால் காசும் அடித்தான். டில்லி வேந்தன் முகம்மது பின் துக்ளக் பெருஞ்சினத்துடன் தென்றிசை நோக்கிப் புறப்பட்டான். எனினும், வாரங்கல்லில் அவன் படையைக் கொள்ளைநோய் வாட்டியது. அவன் திரும்பிச் செல்ல நேர்ந்தது. மதுரை அரசு பிழைத்தது. அடுத்த ஆண்டாகிய 1336-இல் துங்கபத்திரைக் கரையில் விசயநகரம் தோன்றியது. டில்லியின் பிடி தளர்ந்தமையால் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின. அவற்றுள் ஒன்றே மற்றொன்றை விழுங்கவிருந்தது.

மதுரை அரியணை முள்ளிருக்கையாகவே இருந்தது. ஜலாலுத்தீன் ஐந்தாண்டுகள் ஆண்டபின் தன் தலைவர்களுள் ஒருவனால் கொல்லப்பட்டான். அடுத்து வந்த அலாவுத்தீன், போர் முடிந்து நீர் பருகத் தலைச்சீராவைக் கழற்றியபொழுது எங்கிருந்தோ வந்த அம்பினால் மாண்டான். அவனுக்குப் பின் வந்தவன் 40 நாள்களே அரசிருந்தான், அவனையும் கொன்றனர். பின்னர்க் கியாசுத்தீன் தாமகானி என்பவன் அரசனானான்.

இவன் காலத்திலேதான் போசள வேந்தன் மூன்றாம் வீரவல்லாளன், எண்பது வயதை எட்டிய முதியவன், கண்ணனூர்க் கொப்பத்துக் கோட்டையை முற்றுகையிட்டான். உள்ளிருந்தோர் உணவின்றி மெலிந்தனர். தம் சுல்தானுக்குச் செய்தி விடுத்து மறுமொழி பெறும் வரை போரை நிறுத்துமாறு அவர்கள் வேண்ட, வல்லாளன் 14 நாள் தவணை தந்தான். அத்தவணைக்குள் கியாசுத்தீன் விரைந்து வந்து, நண்பகலில் ஓய்ந்திருந்த பாசறையைத் தாக்கினான். 1342-ஆம் ஆண்டில் வல்லாளன் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். அவன் உடலின் தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டனர். பகைவனுக்குத் தவணை தந்த பெருந்தன்மையைப் பாராட்டுவதா, அத்தவணை நாள்களில் காவலைத் தளர்த்திய அயர்ச்சிக்கு இரங்குவதா என்பது கற்போர் எண்ணிப் பார்த்தற்கு உரியது. அவ்வல்லாளன் படையில் முகம்மதியர் இருபதினாயிரவர் இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. அக்காலப் போர்களைச் சமயப் போர் என்ற ஒரே சொல்லால் சுட்டிவிட இயலாது என்பதற்கு இது போதும்.

இச்செய்திகளை நமக்குக் கூறுபவர் மொராக்கோ நாட்டு இபின் பட்டூட்டா. இலங்கையிலிருந்து வரும் வழியில் அவர் ஏறி வந்த மரக்கலம் சிதைய, இக்கரையில் ஒதுங்கினார். டில்லியில் அவர் மணந்தவள் ஜலாலுத்தீனின் மகள். அவளுடைய உடன்பிறந்தாளை மணந்தவன் கியாசுத்தீன். ஆகவே, இபின் பட்டூட்டா சுல்தானின் உறவினர், சமயத்தாலும் ஒருவரே. எனினும், கியாசுத்தீன் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டு அவர் மனம் பொறாமல் வெளிப்படையாகக் கடிந்து எழுதியுள்ளார். உறவுக்காக உண்மையை மறையாத இக்குணத்தாலேயே அவர் சான்று மதிப்புப் பெறுகிறது.

அவர் மதுரைக்கு வந்தபொழுது நகரம் கொள்ளைநோயால் துன்புற்றுக் கொண்டிருந்தது. அரசனின் தாயும் மனைவியும் ஒரே மகனும் இறந்தனர், அரசனும் மாண்டான். இபின் பட்டூட்டாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. அந்நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் புளியை நீரில் கரைத்துக் குடித்தே தாம் பிழைத்ததாக அவர் குறித்திருக்கிறார். நம் அடுக்களைப் புளி உலகப் பயணி ஒருவரின் ஏட்டில் இடம்பெற்ற கதை இது. 1344-ஆம் ஆண்டளவில் அவர் நீங்கியபின், மதுரையை உள்ளிருந்து கண்டு எழுதுவார் இல்லை. காசுகள் மட்டும் பேசுகின்றன. அவையும் பன்னிரண்டு ஆண்டுக்காலம் வாய் மூடிக்கிடந்து, 1356 முதலே மீண்டும் சில பெயர்களைக் காட்டுகின்றன.

இதற்கிடையே விசயநகரம் தெற்கு நோக்கி வளர்ந்தது. முதலாம் புக்கனின் மகன் குமார கம்பணன் முதலில் சம்புவராயரை வென்றான். பின்னர் மதுரை மேல் சென்றான். அவன் மனைவி கங்காதேவி, கணவனின் வெற்றியை ‘மதுராவிஜயம்’ என்னும் வடமொழிக் காவியமாகப் பாடினாள். நெடுங்காலம் மறைந்து கிடந்த அந்நூலின் ஓலைச்சுவடி 1916-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்பட்டது. இடையிடையே அது சிதைந்திருப்பினும், கம்பணன் சுல்தானைப் போரில் வீழ்த்திய செய்தி அதில் உள்ளது. 1371-ஆம் ஆண்டில் கம்பணனின் தலைவன் கோபணன், திருமலையில் காக்கப்பட்டிருந்த அரங்கநாதர் திருவுருவைத் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தான்.

காவியத்தின்படி அரசு அத்துடன் முடிந்திருத்தல் வேண்டும். ஆனால், அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா என்னும் சுல்தானின் காசுகள் ஹிஜ்ரி 779, அதாவது 1377-78 வரை கிடைக்கின்றன. கம்பணனோ 1374-இலேயே மறைந்துவிட்டான். இம்முரணுக்கு விடை என்ன? காவியம் பொய் என்று தள்ளுதல் பிழை. தோற்ற அரசின் கை ஒடிந்தது உண்மையே. ஆயின், வாகை சூடிய கணவனைப் பாடும் மனைவி, பகைவனின் எஞ்சிய சிறுநிலத்தையும் சில்லறைக் காசையும் பாடுதற்கு என்ன தேவை? காசு அடித்தவனோ தன் நிலம் எத்துணைச் சுருங்கியது என்பதைக் காசில் பொறிப்பானல்லன். வென்ற நாள் வேறு, மறைந்த நாள் வேறு. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஏழாண்டுகள் அவ்வரசு தேய்ந்து கொண்டே இருந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

மதுரை மீண்டது, ஆனால் பாண்டியர் மீண்டும் அதன் பேரரசர் ஆகவில்லை. அவர் வழியினர் தென்காசிப் பக்கம் தங்கினர். 1446-இல் பராக்கிரம பாண்டியன் அங்கே விசுவநாதர் கோயிலை எழுப்பத் தொடங்கினான். விசயநகர ஆட்சியோடு தெலுங்கு பேசும் மக்களும் தென்னாடு வந்தனர். இராசபாளையத்து வீடுகளில் அம்மொழி இன்றும் ஒலிக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் அவ்வரசின் பெருவேந்தன் கிருஷ்ணதேவராயர், திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையையே பொருளாகக் கொண்டு ‘ஆமுக்தமால்யதா’ என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார்.