காபி இயந்திரத்தில் தேநீர்: சில விளக்கங்கள்

மகன் பெங்களூரிலிருந்தோ மகள் புனேயிலிருந்தோ ஒரு காபி இயந்திரத்தை வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். நம் வீட்டுப் பித்தளை ஃபில்டரில் இறங்கும் டிகாக்‌ஷனுக்கு முன்னால் அந்தக் காபி எடுபடுவதில்லை. இரண்டு வாரம் கழித்து இயந்திரத்தின் மேல் ஒரு துணி விழுகிறது. இங்கே மத்தியப் பிரதேசத்தில் வீட்டுக்கு வரும் அக்கம்பக்கத்தாரோ பத்துக்கு ஒன்பது பேர் டீ குடிப்பவர்கள். எனவே, "இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியதில் டீயாவது போட முடியாதா?" என்ற கேள்வி பிறக்கிறது. சங்கக் கூட்டங்களில் ஐந்தாறு அன்பர்கள் இதை என்னிடம் கேட்டுவிட்டார்கள். ரயில்வேயில் நீராவியோடும் டீசலோடும் காலம் தள்ளியவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

போடலாம். ஆனால் காபித்தூள் போடும் கிண்ணத்தில் தேயிலையைப் போட்டு, பட்டனை அழுத்தி அல்ல. அப்படிச் செய்தால் டீ கெடுவதோடு நிற்காது, கை வெந்துபோகவும் கூடும். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

காபிக்கும் தேயிலைக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. எஸ்பிரஸோ முறையில் காபியை மாவுபோல அரைத்து, இறுக்கி அமுக்கி, 90 முதல் 96 டிகிரி வரை சூடான நீரைச் சுமார் 9 பார் அழுத்தத்தில் அதனூடே செலுத்துகிறார்கள். 25 அல்லது 30 விநாடியில் வேலை முடிந்துவிடும். தேயிலைக்கு இந்த அவசரம் உதவாது. அது கொதிநீரில் ஊற வேண்டும். நம் சி.டி.சி. தூளுக்கு மூன்று நான்கு நிமிடம், முழு இலைக்கு ஐந்து நிமிடம் வரை ஆகும். உலகெங்கும் தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பவர்களுக்கென 1980ல் வகுக்கப்பட்ட ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தரநிலை, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்று சொல்கிறது. அது குற்றம் குறை கண்டுபிடிப்பதற்கான டீ, குடித்து மகிழ்வதற்கானது அல்ல. எனினும் கணக்குக்கு அது நல்ல தொடக்கம். காபி இயந்திரம் அழுத்தத்தை நம்பியது. டீ நேரத்தை நம்பியது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இனி, அந்தக் கிண்ணத்தில் சி.டி.சி. தூளை நிரப்பினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்த அந்த மணிகள் நீர் பட்டதும் ஊதிப் பெருகுகின்றன. அரைத்த காபி ஓரளவுக்கு மேல் பெருகாது. தேயிலை கிண்ணம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். துளைகள் அடைபடும். நீர் வெளியே வராது. பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். "என்ன, சொட்டக்கூட இல்லையே" என்று நாம் கைப்பிடியைத் திருப்பிக் கழற்றுவோம். உள்ளே சிறைப்பட்டிருந்த அழுத்தம் அந்த நொடியில் வெந்நீரையும் வெந்த தூளையும் முகத்தை நோக்கி அடிக்கும். எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் இப்படி நடந்தது. சமையலறைச் சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. நல்லவேளையாக அந்த அம்மையார் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தார். கடைகளில் உள்ள பெரிய இயந்திரங்களில் வேலை முடிந்ததும் அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் வால்வ் ஒன்று இருக்கும். வீட்டுக்கு வாங்கும் மலிவான வகைகள் பலவற்றில் அது இல்லை. ஆகவே நீர் வராவிட்டால் இயந்திரத்தை நிறுத்துங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், முழுவதும் ஆறிய பிறகே கைப்பிடியைத் தொடுங்கள்.

அழுத்தம் என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். பெட்டியின் மேல் '15 பார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் மிரளுகிறார்கள். நான் பணியில் சேர்ந்தபோது நீராவி என்ஜின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன (அகலப் பாதையில் அவை 1995 டிசம்பரில்தான் விடைபெற்றன). எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்த டபிள்யூ.பி. என்ஜினின் பாய்லர் அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டுதான். அதாவது சுமார் 14.5 பார். அப்படியானால் நம் சமையலறையில் நிற்பது அதைவிடப் பெரிய என்ஜினா? இல்லை. அந்த 15 பார் என்பது ஒரு சிறு பம்ப் நீரைத் தள்ளக்கூடிய உச்ச அளவு. நீர் அமுங்காது, சிறிது கசிந்ததும் அழுத்தம் விழுந்துவிடும். பாய்லர் அப்படியல்ல. மூடிய கலத்தில் 100 டிகிரிக்கு மேல் சூடேறிய நீர், திறந்த கணமே ஆவியாகிப் பல நூறு மடங்கு பெருகும். எனவே என்னைக் கேட்டால், '15 பார்' இயந்திரத்தைவிட '3.5 பார்' என்று எழுதிய சிறிய, மலிவான இயந்திரத்திடம்தான் அதிக மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். அதில் பம்ப் கிடையாது. உள்ளே இருப்பது அசல் பாய்லர். 3.5 பாரில் நீரின் கொதிநிலை சுமார் 148 டிகிரி. அதன் திருகு மூடியை, ஆவிக் குழாயைத் திறந்து மிச்ச ஆவியை வெளியேற்றாமல் ஒருநாளும் கழற்றாதீர்கள். பிரஷர் குக்கரிடம் நம் பெண்கள் காட்டும் அதே எச்சரிக்கை போதும்.

சரி, டீக்கு வருவோம். இந்த இயந்திரங்களில் டீக்குப் பயன்படுபவை இரண்டே: வெந்நீரும் நீராவியும். தூள் கிண்ணம் காலியாகவே இருக்கட்டும். ஆனால் அதையும் ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். காபியின் எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் டீயில் காபி வாடை வீசும். இரண்டும் கெட்டான் பானம்தான் கிடைக்கும்.

சொட்டுச் சொட்டாக இறங்கும் டிரிப் வகை இயந்திரமானால், தேயிலையை மேலே வடிகட்டியில் போடாமல் கீழே உள்ள கண்ணாடிக் குடுவையிலேயே போட்டுவிடுங்கள். வெறும் வெந்நீர் அதன் மேல் இறங்கட்டும். முழுவதும் இறங்கிய பிறகு மூன்று நிமிடம் விட்டு, வேறு பாத்திரத்தில் வடித்துவிட வேண்டும். கீழேயுள்ள சூடான தட்டின் மேல் இலையோடு அரைமணி நேரம் விட்டால் கஷாயம்தான். சிலர் குடுவையை அகற்றிவிட்டால் சொட்டு நின்றுவிடும் என்ற தந்திரத்தை வைத்து, மேல் வடிகட்டியிலேயே இலையை ஊறவைக்கிறார்கள். கொஞ்சம் கவனம் தவறினால் மேலே நிரம்பி வழியும். நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

பம்ப் வகையில் வெந்நீர்க் குழாயிலிருந்து நீரைப் பிடிக்கலாம். ஆனால் சூட்டைக் கவனிக்க வேண்டும். என் இயந்திரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். குளிர்ந்த எவர்சில்வர் பாத்திரத்தில் பிடித்த நீர் 82 டிகிரி. முதலில் ஒருமுறை வெந்நீர் பிடித்துக் கொட்டிவிட்டு, சூடான அதே பாத்திரத்தில் மறுபடி பிடித்தபோது 88. பச்சைத் தேயிலைக்கு 80 டிகிரியே தாராளம். நம் கறுப்புத் தேயிலைக்கு 88 போதாது. ஆகவே அந்தப் பாத்திரத்திலேயே ஆவிக் குழாயை அமிழ்த்திச் சில விநாடி ஆவி விட்டு, நீர் தளதளவென்று வந்ததும் தூளைப் போடுங்கள். எங்கள் போபால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். நீர் 98 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். பெங்களூரில் இருப்பவர்களுக்கு 97. இந்த ஒன்றிரண்டு டிகிரியால் டீ கெடாது. பத்துப் பதினைந்து டிகிரி குறைந்தால் கெடும்.

காபியைக் கருக்கிவிடுகிறது என்று பலரும் குறைகூறும் அந்தப் பாய்லர் வகை இயந்திரம், டீக்கு மட்டும் நல்ல பிள்ளை. அதிலிருந்து வரும் நீர் கொதிநிலையை ஒட்டியே வெளிவருகிறது. காபிக்கு எது குறையோ அதுவே டீக்கு நிறை.

இரண்டு பேருக்கு என் அளவு இது. 180 மில்லி கொதிநீர், 7 கிராம் சி.டி.சி. தூள் (தலைதட்டிய மூன்று தேக்கரண்டி), மூடிவைத்து நான்கு நிமிடம். இதனிடையே 120 மில்லி பாலை ஆவிக் குழாயில் சூடாக்கிக்கொள்ளுங்கள். டிகாக்‌ஷனை வடித்துப் பாலோடு சேர்த்து, சர்க்கரை போட்டு, இரண்டு டம்ளர்களில் மூன்று தடவை ஆற்றுங்கள்.

படித்ததும் எதுவோ நினைவுக்கு வருகிறதல்லவா? நம் ஊர் டீக்கடைதான். அங்கே செம்புப் பாய்லரில் நீர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். துணி வடிகட்டியில் தூள். டிகாக்‌ஷன் தனி, பால் தனி. கடைசியில் ஒரு ஆற்று ஆற்றிக் கொடுப்பார். இங்கே வடக்கில் இஞ்சி, இலை, பால், சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பொங்கப் பொங்கக் காய்ச்சுவது வழக்கம். காபி இயந்திரத்தால் இந்த இரண்டாவது வகையைச் செய்ய முடியாது. காய்ச்சிய பாலுக்கென்று உள்ள அந்த ருசி, 65 டிகிரியில் ஆவி பிடித்த பாலில் வராது. பக்கத்து வீட்டு சர்மாக்களும் வர்மாக்களும் வந்தால் அடுப்பில் பாத்திரத்தை ஏற்றுவதுதான் மரியாதை. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்து, நம் டீக்கடை டீயின் ருசியே அறியாத பேரன் பேத்திகளுக்கு அது எப்படி இருக்கும் என்று காட்ட, இந்த இயந்திரம் அருமையான சாதனம். என் பேத்தி அதை 'தாத்தா சாய்' என்கிறாள்.

பாலைப் பற்றி இரண்டு விஷயம். முதலாவது, ஆவி என்பதும் நீர்தான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 200 மில்லி பாலை 65 டிகிரிக்கு ஏற்ற வேண்டுமானால், கணக்குப்படி சுமார் 20 கிராம் ஆவி அதில் குளிர்ந்து கலக்கிறது. அதாவது நூற்றுக்குப் பத்து தண்ணீர். பால்காரர் ஏற்கெனவே கலந்தது தனி. அதனால்தான் மேலே சொன்ன அளவில் தூளைச் சற்றுத் தாராளமாக வைத்தேன். இரண்டாவது, மிக முக்கியமானது. தூத்வாலா கொண்டுவரும் கறந்த பாலை, ஆவியில் நுரை வந்துவிட்டது என்று காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. 65 டிகிரிக்குப் போய் உடனே கோப்பைக்கு வருவது காய்ச்சியதற்கு ஈடல்ல. அடுப்பில் பொங்கக் காய்ச்சி ஆறவைத்த பாலையே ஆவிக் குழாய்க்குக் கொடுங்கள்.

இஞ்சி டீ கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பச்சை இஞ்சியைத் தட்டிச் சூடான பாலில் போட்டு ஆவி பிடித்தால் பால் திரிந்துபோகும். பால் கெட்டுவிட்டது என்று பால்காரரைத் திட்டாதீர்கள். இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் அது மும்முரமாக வேலை செய்யும், கொதித்தால் செயலிழந்துவிடும். தெற்குச் சீனாவில் இதே குணத்தை வைத்து இஞ்சிச் சாற்றால் பாலை உறையவைத்து ஓர் இனிப்பே செய்கிறார்கள். அடுப்பு டீயில் இந்தத் தொல்லை அதிகம் இல்லை, இஞ்சி முதலில் நீரில் கொதித்துவிடுகிறதே. இயந்திரம் பாலை நிறுத்தும் சூடோ, அந்த நொதிக்கு மிகப் பிடித்த சூடு. எனவே இஞ்சியைத் தனியே இரண்டு மூன்று நிமிடம் நீரில் கொதிக்கவைத்து, அந்த நீரையே தூளின் மேல் ஊற்றுங்கள். ஏலக்காயைத் தூளோடு சேர்த்துக்கொள்ளலாம். எதையும், குறிப்பாகப் பாலை, இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் இயந்திரம் அத்தோடு சரி.

மின்சாரம் பற்றியும் ஒரு வரி. சாதாரண 6 ஆம்பியர் பிளக்கின் எல்லை 230 வோல்ட்டில் 1380 வாட். இயந்திரத்தின் அடியில் 1350 வாட் என்றிருந்தால் அது விளிம்பில் நிற்கிறது. அதற்கு மேல் இருந்தால் 16 ஆம்பியர் பிளக்தான். மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. நீரும் மின்சாரமும் கைகோத்திருக்கும் பெட்டியில் அது வேண்டாம்.

கடைசியாக, தண்ணீர். ரயில்வேயில் என்ஜின் பாய்லர்களைக் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை திறந்து கழுவுவது கட்டாயம். கடின நீரின் சுண்ணாம்பு குழாய்களில் படிந்தால் வெப்பம் நீருக்குப் போகாமல் உலோகத்திலேயே நின்று அதைக் கெடுக்கும். உங்கள் இயந்திரத்திலும் அதே சுண்ணாம்புதான் படிகிறது. போர் தண்ணீரில் போட்ட டீயின் மேல் ஏடுபோல் மின்னும் படலமும் அந்தச் சுண்ணாம்பின் கைவரிசைதான். அதே நீரில் டீயின் நிறமும் மங்கும். வடிகட்டிய நீரைப் பயன்படுத்தினால் இரண்டு தொல்லையும் குறையும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பலசரக்குக் கடையில் 'நிம்பூ சத்' என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தில் 20 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, கையேடு தடுக்காவிட்டால், பாதியை ஓடவிட்டு நிறுத்துங்கள். இருபது நிமிடம் கழித்து மீதியை ஓடவிடுங்கள். ஆவிக் குழாயையும் மறக்க வேண்டாம். பால் காய்ந்து அடைத்துக்கொள்ளும் இடம் அதுதான். ஒவ்வொரு முறை பால் சூடாக்கியதும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு விநாடி வெறும் ஆவியை விட்டுவிட வேண்டும். அமிலத்துக்குப் பிறகு நல்ல தண்ணீரை மூன்று தொட்டி ஓடவிடுங்கள். மூன்றாவதில் ஒரு வாய் ஆறவைத்துச் சுவைத்துப் பாருங்கள். புளிப்பு தெரிந்தால் நான்காவது தொட்டியும் ஓடட்டும்.