விருந்தாளி வந்தால் விடுமுறை யாருக்கு? - பாணேர் அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, தீபாவளி லீவுக்கு அண்ணன் குடும்பம் வருகிறது, மே மாதம் நாத்தனார் பிள்ளைகள் வருகிறார்கள், நடுவில் அப்பாவும் அம்மாவும் வந்து தங்குவார்கள் என்று சொன்னாய். “நம்ம குடும்பத்துக்குன்னு ஏதாவது ஒரு வழக்கம் ஆரம்பிக்கணும்க்கா” என்றும் கேட்டாய். நல்ல ஆசைதான். ஆனால் வழக்கம் என்று ஆரம்பித்து, உன் அடுப்பில் இன்னொரு சட்டியை ஏற்றிவிடாதே.

புனேயின் பாணேரில் இருக்கிற நம் வீடுகள் உனக்குத் தெரியும். பாதி வீடுகளில் ஒருவராவது வேலைக்காக ஹிஞ்சவடிக்கு ஓடுகிறவர். விருந்தாளிகள் பதினைந்து நாள் தங்கினால், நமக்குக் கிடைக்கிற லீவு மூன்று நாள். அதனால் எந்த வழக்கத்தையும் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்: “நான் காய்ச்சலில் படுத்துக்கொண்டாலும் இது நடக்குமா?” நடக்கும் என்றால் தொடங்கு. நடக்காது என்றால் அது உன் தலையில் ஏறப்போகிற இன்னொரு வேலை. இரண்டு வருஷத்தில் உனக்கே அலுத்துவிடும்.

1. முதலில் பொறுப்பைப் பிரித்துக் கொடு

ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஓர் ‘ஓனர்’ வேண்டும். அது நீயாக இருக்கக் கூடாது. காலை ஃபில்டர் காபி அண்ணன் பொறுப்பு. டிகாக்ஷன் இறக்குவதிலிருந்து டம்ளர் கழுவுவது வரை அவர்தான். தீபாவளி விடியற்காலையில் எல்லார் தலையிலும் எண்ணெய் வைப்பது அம்மா. பெரியவர் தொடங்கி வயது வரிசைப்படி எல்லாரும் மணையில் வந்து உட்கார வேண்டும், மாப்பிள்ளைகள் உட்பட. எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வேலை கொடு. பொறுப்பு கையில் வந்துவிட்டால், அடுத்த வருஷம் ஞாபகப்படுத்துவது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

2. தீபாவளி லீவுக்கு மண் கோட்டை

இந்த ஊர்ப் பிள்ளைகள் தீபாவளிக்குக் கட்டும் ‘கில்லா’வைப் பார்த்திருப்பாய். கல்லும் செங்கல்லும் அடுக்கி, சாக்குத் துணி போர்த்தி, சேறு பூசிக் கோட்டை எழுப்புவார்கள். சரிவுகளில் கடுகோ கோதுமையோ தூவிவிட்டால், சில நாளில் பச்சை முளைத்து மலைக்காடு மாதிரி ஆகிவிடும். உச்சியில் சிம்மாசனத்தில் சிவாஜி, கீழே காவலுக்கு அவருடைய மாவளே வீரர்கள். தீபாவளி நெருங்கும்போது இந்தப் பொம்மைகள் தெருவோரக் கடைகளிலேயே கிடைக்கும்.

நம் பிள்ளைகளும் தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்ய இதைவிடத் தோதான வேலை கிடையாது. கட்டப்போகும் கோட்டையை வருஷத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு வருஷம் லோணாவாலா பக்கத்து லோஹகட், அடுத்த வருஷம் சிவாஜி பிறந்த சிவநேரி, அதற்கடுத்து நம்ம செஞ்சி. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, பன்னிரண்டாவது விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. சிவாஜி அதை 1677-ல் பிடித்தார். பிறகு அவருடைய இளைய மகன் ராஜாராம் அங்கே தங்கியிருக்க, முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட்டது. செஞ்சி வருஷத்தில் தலைமைக் கொத்தனார் ஊரிலிருந்து வரும் பிள்ளைதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள், அவற்றை இணைக்கும் மதில், நடுவே அடுக்கடுக்கான கல்யாண மஹால் எல்லாவற்றையும் படம் பார்த்து வரைந்துகொண்டு வரட்டும்.

கவனிக்க வேண்டியவை:

- சொசைட்டி கமிட்டியிடம் முன்கூட்டியே கேட்டு, பார்க்கிங்கில் ஒரு மூலை வாங்கிக்கொள். கிடைக்காவிட்டால் பால்கனியில் பெரிய பிளாஸ்டிக் ட்ரே போதும்.
- மண்ணுக்கு சொசைட்டித் தோட்டக்காரரிடம் சொல்லி வை. பண்டிகை முடிந்ததும் அதே மண் பூந்தொட்டிக்குப் போய்விடும்.
- விதை முளைக்க நாலைந்து நாள் வேண்டும். விருந்தாளிகள் வரத் தாமதமானால், இங்கே இருக்கும் பிள்ளை முதலிலேயே மேட்டைப் போட்டு விதைத்துவிடட்டும்.
- பெரியவர்கள் கை வைக்கக் கூடாது. கோட்டை கோணலாக நின்றாலும் அது பிள்ளைகளின் கோட்டை.

3. பலகாரத் தட்டு

பக்கத்து வீட்டு மராட்டிக் குடும்பத்திலிருந்து ‘ஃபராள்’ தட்டு வரும். சிவ்டா, சக்லி, கரஞ்ஜி, சங்கர்பாளி, லட்டு எல்லாம் இருக்கும். அந்தத் தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க நமக்கு மனசு வராது. அதற்காகப் பத்து வகை சுட வேண்டும் என்றும் இல்லை. எல்லாரும் உட்கார்ந்து சேர்ந்து செய்வது ஒரே ஒரு பலகாரம், மீதி கடையில் வாங்கியது என்று முடிவு செய். முறுக்கு நல்ல தேர்வு. ஒருவர் மாவு பிசைய, ஒருவர் பிழிய, ஒருவர் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொள்ள, சின்னது உடைந்ததைத் தின்ன என்று நாலு பேருக்கு வேலை இருக்கிறது.

தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளைகள் வேலை. திரும்பி வந்ததும் ஒரு சின்னப் பந்தயம்: அவர்கள் சக்லியா, நம் முறுக்கா? அவர்கள் கரஞ்ஜியா, நம் சோமாசியா? அவர்களுடைய அனார்சாவும் நம் அதிரசமும் ஊறவைத்த அரிசி மாவில் பிறந்தவைதான். அனார்சாவில் மேலே கசகசா ஒட்டியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டு, எது எது என்று சொல்லச் சொல். தாத்தா நடுவராக இருக்கட்டும், சர்க்கரை உள்ளவர் என்றால் தீர்ப்பு மட்டும் சொல்லட்டும்!

4. நவராத்திரிக்குச் சுண்டல் கண்டுபிடி

காலாண்டு லீவில் வருகிறவர்களுக்கு இது. நாம் கொலு வைக்கிற அதே நாட்களில் இங்கே ‘போண்ட்லா’ நடக்கும். மணையில் யானைப் படம் வரைந்து நடுவில் வைத்து, பெண்கள் கைகோத்துச் சுற்றிவந்து பாடுவார்கள். கடைசியில் மூடிய டப்பாவைக் குலுக்கிக் காட்டி, உள்ளே என்ன ‘கிராபத்’ என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கண்டுபிடித்த பிறகுதான் பிரசாதம் கைக்கு வரும்.

இந்த விளையாட்டை அப்படியே நம் கொலுவுக்குக் கொண்டுவா. சுண்டலை மூடி வைத்துக் குலுக்கினால் கொண்டைக்கடலையா, பட்டாணியா, காராமணியா என்று பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். உனக்குக் கூடுதல் வேலை எதுவுமில்லை, எப்படியும் செய்கிற சுண்டல்தானே! பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டால் அவர்கள் போண்ட்லா பாட்டைச் சொல்லிக் கொடுப்பார்கள், நம் பிள்ளைகள் கொலுப் பாட்டைப் பாடிக் காட்டுவார்கள்.

5. வந்த மறுநாள் காலை டேக்டி

டேக்டி, அதாவது குன்று ஏறுவது புனேக்காரர்களின் அன்றாடப் பழக்கம். நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பாணேர் டேக்டி இருக்கிறது, மேலே துகாய் கோயில் இருக்கிறது. யார் வந்தாலும் மறுநாள் காலை அங்கே ஏற வேண்டும் என்பதை வீட்டுச் சட்டமாக்கிவிடு. செலவு கிடையாது, டிக்கெட் கிடையாது. பெரியவர்கள் சமையலறைப் பக்கம் வருவதற்குள் பிள்ளைகள் கூட்டம் வெளியே போய்விடுவதால் உனக்கும் ஒரு மணி நேரம் அமைதி கிடைக்கும்.

ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கூடுதலாக எடுத்துப் போகச் சொல். அதை வழியில் நட்டிருக்கும் ஒரு கன்றுக்கு ஊற்றட்டும். அடுத்த முறை வரும்போது அதே மரத்தைத் தேடிப் போவார்கள். மே மாதம் என்றால் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். டிசம்பர் என்றால் சென்னைப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். இந்த ஊர் விடியற்காலைக் குளிரை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு அடிவாரத்தில் டீ.

6. உயரக் கணக்கு வேட்டிக் கரையில்

பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வைக்கலாம் என்று தோன்றும். இங்கே முக்கால்வாசிப் பேர் இருப்பது 11 மாத ஒப்பந்த வாடகை வீடு. சுவரில் கோடு போட்டால் டெபாசிட்டில் கை வைப்பார்கள். வீடு மாறினால் கோடும் போச்சு.

அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து கரையோடு சேர்த்து ஒரு நீளத் துண்டு கிழித்துக்கொள். கதவில் தொங்கவிட்டு, துணியில் எழுதும் மார்க்கரால் கோடு போட்டு, பெயரும் வருஷமும் எழுது. சுருட்டினால் ஒரு கைப்பிடிதான். வீடு மாறினாலும் ஊர் மாறினாலும் கூடவே வரும். மறக்காமல் பெரியவர்களையும் அள. அண்ணன் மகன் அண்ணனைத் தாண்டுகிற வருஷம் வீடே சிரிக்கும். அளக்கும் பொறுப்பு, வந்திருக்கும் பிள்ளைகளில் மூத்ததுக்கு.

7. ராத்திரிக்கு ஒரு கேள்வி

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் பிள்ளைகளிடம் கேட்க 20 கேள்விகள் வைத்திருந்தார்கள். உன் பெயர் எப்படி வந்தது தெரியுமா, தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் என்கிற மாதிரியான கேள்விகள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் கூடுதலாக இருந்ததாகக் கண்டார்கள். பதிலை மனப்பாடம் செய்வதால் இந்தப் பலன் வந்துவிடாது என்றும் டியூக் எச்சரித்திருக்கிறார். பெரியவர்களும் பிள்ளைகளும் கூடி உட்கார்ந்து பேசும் பழக்கத்திலிருந்துதான் அது வருகிறது.

இதற்குப் பாட்டிதான் ஓனர். சாப்பாடு முடிந்து பாய் விரித்த பிறகு, ஒரு ராத்திரிக்கு ஒரே ஒரு கேள்வி. கேள்வியைப் பிள்ளைகள் எழுதி டப்பாவில் போடட்டும். “மாமா சின்ன வயசில் செய்த பெரிய சேட்டை எது?” என்று தொடங்கினால் போதும், கூட்டம் தானாகச் சேரும். பட்ட கஷ்டத்தையும் சொல்லச் சொல். நொடித்த வியாபாரம், விற்ற நிலம், வேலை தேடி ஏறிய ரயில் எல்லாம் பிள்ளைகள் காதில் விழ வேண்டும். வர முடியாத சித்தப்பாவை வீடியோ காலில் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

8. வெளியே போவதென்றால் ஒரே இடம்

வருஷா வருஷம் புது இடம் தேடினால் அது டூர். திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போனால்தான் அந்த இடம் பிள்ளைகளுக்குச் சொந்தமாகும். சிம்ஹகட் கோட்டை நல்ல இடம், புனேவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். மேலே சோள பாக்ரியும் கடலைமாவில் செய்த பிட்லாவும் சுடச்சுடக் கிடைக்கும், சின்ன மண்சட்டியில் தயிர் விற்பார்கள். மதியச் சமையல் உனக்கு மிச்சம்.

1670-ல் தானாஜி மாலுசரே இந்தக் கோட்டையை மீட்கும் சண்டையில் உயிர்விட்ட கதையை, வருஷத்துக்கு ஒரு பிள்ளை படித்துவிட்டு வந்து அங்கே நின்று சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு வேண்டாம், மலைப்பாதையில் வண்டிகள் நகராது. டிசம்பர் கடைசியில் வருகிறவர்களுக்கு மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரி இருக்கிறது, ஆனால் புத்தாண்டு நெரிசலைத் தவிர்த்துப் போ.

9. கிளம்பும் நாள் கட்டுச்சோறு

சென்னைக்கே ரயிலில் ஏறக்குறைய 20 மணி நேரம், தெற்கே போகிறவர்களுக்கு அதற்கும் மேல். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்று வழிச்சாப்பாடு கட்டுவதைக் கிளம்புகிறவர்களே செய்யட்டும். நீ சாமானை மட்டும் எடுத்துக் கொடு. பொட்டலத்தின் மேல் இங்கே இருக்கும் பிள்ளைகள் பெயர் எழுதி, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைக்கலாம். சீட்டை ரயில் கிளம்பிய பிறகுதான் பிரிக்க வேண்டும். ஊருக்குக் கொடுத்தனுப்ப எப்போதும் ஒரே சாமான்: சித்தளே பாகர்வடியா, கயானி பேக்கரி ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டா என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் வருஷா வருஷம் யோசிக்க வேண்டாம்.

10. விட வேண்டியதை விட்டுவிடு

பிள்ளைகள் பதினைந்து வயதுக்கு மேல் கோட்டை கட்ட உட்கார மாட்டார்கள். கெஞ்சாதே. பொறுப்பை அடுத்த பொடிசுக்கு மாற்று, இல்லையென்றால் நிறுத்திவிடு. “நம்ம குடும்ப வழக்கமாச்சே” என்று கட்டாயப்படுத்தினால் அது ஹோம்வொர்க் ஆகிவிடும். நீ திட்டமிடாத ஏதோ ஒன்றை, “போன தடவை மாதிரி மொட்டை மாடியில் தூங்கலாமா?” என்று பிள்ளைகளே கேட்டால், உன் திட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு அதைப் பிடித்துக்கொள்.

இந்தப் பத்தையும் ஒரே லீவில் செய்து பார்க்காதே. வருகிற கூட்டத்தைப் பார்த்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடு. சின்னப் பிள்ளைகள் அதிகம் என்றால் மண் கோட்டை, பெரியவர்கள் அதிகம் என்றால் ராத்திரிக் கேள்வி, இரண்டு நாள்தான் தங்குகிறார்கள் என்றால் டேக்டி. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, என்ன செய்தோம், யார் ஓனர், எவ்வளவு செலவு, எதை விடலாம் என்று நாலு வரி எழுதச் சொல். எழுதுவதும் நீ அல்ல. இன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் “இந்த லீவுக்கு ஓனர் யார்?” என்று போட்டுவிடு. முதலில் கை தூக்குகிறவர் பெயர்தான் நோட்டின் முதல் பக்கத்தில்.