ரெண்டாவது வரி எங்க போச்சு? இன்டிசைன்ல டேபிள் ஸ்டைல்

எங்க ஊர் சிங்காரப்பேட்டை. ஊத்தங்கரையில இருந்து செங்கம் போற ரோட்டுல வரும். மாமா அங்க சின்னதா ஒரு டிடிபி கடை வெச்சிருக்கார். லீவுக்குப் போனா நான்தான் ஆபரேட்டர். ரெண்டு வருஷம் முன்னாடி பக்கத்துக் கிராமத்து மாரியம்மன் திருவிழா கணக்கு புக் வேலை வந்துச்சு. தலைக்கட்டு வரி, நன்கொடை, செலவுன்னு மொத்தம் 14 டேபிள். எல்லாத்தையும் கையாலேயே அலங்காரம் பண்ணேன். கோடு, கலர், எழுத்து அளவு எல்லாமே ஒவ்வொண்ணா.

கடைசி நாள் சாயங்காலம் புரூஃப் பார்த்த பெரியவர் ஒருத்தர், "எழுத்து பொடிசா இருக்கு தம்பி, எங்களுக்குத் தெரியல"ன்னார். 8 பாயின்ட்ட 10 ஆக்கணும். மறுபடியும் 14 டேபிள். ஒரு டேபிள்ல மட்டும் வரிசை எல்லாம் ஒரே உயரத்துல அழகா இருக்கணும்னு ரோ ஹைட்டை 'எக்ஸாக்ட்லி'ன்னு வெச்சிருந்தேன். எழுத்து பெருசானதும் நீளமான பேர் ரெண்டு வரி ஆச்சு. ரெண்டாவது வரிக்கு இடம் இல்ல. அந்த மாதிரி நேரத்துல இன்டிசைன் செல்லோட மூலையில ஒரு சின்ன சிவப்புப் புள்ளி மட்டும் காட்டும், பிடிஎஃப்ல அந்த வரி வராது. ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் புள்ளி என் கண்ணுல படல.

அந்த ரெண்டாவது வரியிலதான் 'த/பெ' இருந்துச்சு. ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு பேர். ஒருத்தர் கொடுத்தது 10,001, இன்னொருத்தர் 501. புக்ல பார்த்தா யாரு எவ்வளவு கொடுத்தாங்கன்னே தெரியல. மறுநாள் ரெண்டு பேரும் ஆளுங்களோட கடைக்கு வந்துட்டாங்க. மாமா ஒவ்வொரு காப்பியிலயும் திருத்தச் சீட்டு ஒட்டிக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

சரி, பாடத்துக்கு வருவோம். டிபார்ட்மென்ட் சிம்போசியம் புக், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், நம்ம இதழ்னு எங்க டேபிள் போட்டாலும் இது உங்களுக்கு உதவும்.

டேபிள் ஸ்டைல், செல் ஸ்டைல் ரெண்டும் 2007-ல வந்த இன்டிசைன் சிஎஸ்3-ல இருந்தே இருக்கு. இதை மூணு அடுக்கா நினைச்சுக்கோங்க. அடியில பேராகிராஃப் ஸ்டைல், அதைப் பிடிச்சுக்கிட்டு செல் ஸ்டைல், அதைப் பிடிச்சுக்கிட்டு டேபிள் ஸ்டைல். நிறைய பேர் நேரா டேபிள் ஸ்டைல்ல போய் உக்காந்துக்கிட்டு "எழுத்து அளவு எங்கடா இருக்கு?"ன்னு தேடுவாங்க. நானும் தேடியிருக்கேன். அங்க இருக்காது. கீழே இருந்து ஆரம்பிக்கணும்.

முதல்ல மூணு பேராகிராஃப் ஸ்டைல் பண்ணுங்க: தலைப்புக்கு ஒண்ணு, பேருக்கு ஒண்ணு, தொகைக்கு ஒண்ணு. தொகை வலது பக்கம் ஒட்டி நிக்கணும், இல்லன்னா கூட்டிப் பார்க்கிறவருக்குக் கண்ணு வலிக்கும். தமிழ்னா இன்னொரு விஷயம் முக்கியம். ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில கம்போஸரை 'அடோபி வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போஸர்'னு மாத்துங்க. மாத்தலன்னா கொம்பு இடம் மாறி 'கெ', 'கொ' எல்லாம் உடைஞ்சு நிக்கும். இங்க ஒரு தடவை மாத்தினா, இந்த ஸ்டைலைப் பிடிச்சிருக்கிற எல்லா டேபிளுக்கும் அது போயிடும்.

அடுத்து விண்டோ மெனுவுல ஸ்டைல்ஸ், அதுல செல் ஸ்டைல்ஸ். ஒவ்வொரு செல் ஸ்டைலுக்கும் அதுக்கான பேராகிராஃப் ஸ்டைலைக் கொடுங்க, நாலு பக்கமும் கொஞ்சம் உள் இடைவெளி விடுங்க. பின்னணிக் கலரை மட்டும் இங்க தொடாதீங்க. தொட்டா, அப்புறம் டேபிள் ஸ்டைல்ல போடுற ஒண்ணு விட்டு ஒண்ணு கலரை அது மறைச்சிடும்.

இப்போ டேபிள் ஸ்டைல். ஜெனரல் பகுதியில ஹெடர் வரிசை, பாடி வரிசை, இடது காலம், வலது காலம்னு தனித்தனியா கேக்கும். வலது காலத்துக்குத் தொகை செல் ஸ்டைலைக் கொடுங்க. ஃபில்ஸ் பகுதியில ஒண்ணு விட்டு ஒண்ணு லேசான சாம்பல் போதும். ஜெராக்ஸ் எடுத்தா அதுக்கு மேல தாங்காது.

முதல் வரிசையை டேபிள் மெனுவுல இருந்து ஹெடரா மாத்தினாதான் ஹெடர் ஸ்டைல் அதுல உக்காரும். மாத்தினா டேபிள் அடுத்த பக்கம் போனாலும் தலைப்பு திரும்ப வரும். எக்ஸெல் ஃபைலை ப்ளேஸ் பண்ணும்போது இம்போர்ட் ஆப்ஷன்ஸைத் திறந்து 'அன்ஃபார்மேட்டட் டேபிள்' எடுங்க, ஸ்டைலையும் அங்கேயே கொடுத்துடலாம். ஸ்டைல் பேர் பக்கத்துல ப்ளஸ் குறி வந்தா, யாரோ கையால எதையோ மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். ஓவர்ரைடைக் கிளியர் பண்ணிடுங்க.

அடுத்த வருஷம் புது ஃபைல் திறந்தா, டேபிள் ஸ்டைல்ஸ் பேனல் மெனுவுல 'லோட் டேபிள் அண்ட் செல் ஸ்டைல்ஸ்' கொடுத்து பழைய ஃபைலைக் காட்டினா போதும். லைசென்ஸ் இல்லாதவங்க இலவசமா கிடைக்கிற ஸ்க்ரைபஸ் 1.6 எடுத்துக்கலாம், அதுலயும் டேபிள், செல் ஸ்டைல் உண்டு.

ஆனா ஒரு விஷயம். ரோ ஹைட்டும் காலம் அகலமும் ஸ்டைல்ல சேராது. என்னை மாட்டிவிட்டது ஸ்டைல் இல்லாதது மட்டும் இல்ல, அந்த 'எக்ஸாக்ட்லி'யும்தான். உயரத்தை எப்பவும் 'அட் லீஸ்ட்'லயே விடுங்க, எழுத்து கூடினா வரிசையும் வளரும். பிடிஎஃப் எடுக்கிறதுக்கு முன்னாடி ப்ரீஃப்ளைட் பேனலைப் பாருங்க. ஓவர்செட்டான செல் எந்தப் பக்கத்துல இருக்குன்னு அதுவே காட்டும்.

இந்த வருஷமும் அதே புக் வந்துச்சு. அதே பெரியவர், "இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுப்பா"ன்னார். பேராகிராஃப் ஸ்டைல்ல 10-ஐ 11 ஆக்கினேன், அவர் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள 14 டேபிளும் மாறிடுச்சு. ஒரு பக்கம் கூடுச்சு, அதுக்கு மட்டும் பேப்பர் காசு பத்தி மாமா முனகினார். அந்த ரெண்டு பேரும் லிஸ்ட்ல அடுத்தடுத்து இருக்காங்க, அவங்கவங்க அப்பா பேரோட.