சிறு கருவியும் பெருவிருப்பமும்

இசையையே பிழைப்பாகக் கொண்டோர் உலகில் சிலரே. பகலெல்லாம் வேறு தொழில் புரிந்து, மாலையில் கைகால் கழுவி அமர்ந்த பின்னர், தமக்கென அரைமணி நேரத்தை ஒதுக்கி இசை பயில்வோர் மிகப் பலர். இவர்களை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்பர். இன்று இச்சொல்லை 'அரைகுறை' என்னும் பொருளில் இகழ்ச்சி தோன்ற வழங்குவாரும் உளர். அதன் வேரோ 'அன்பு செய்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துட் புகுந்தது. ஊதியம் கருதாது ஒரு கலையினிடத்து அன்பு பூண்டவர் என்பதே அதன் முதற்பொருள். ஆதலின், இவர்களைக் கலையன்பர் என்றே நாம் வழங்குவோம்.

மேடையும் மாலையும் பரிசும் எதிர்பாராத கலையன்பர் ஒருவர் நாள்தோறும் பயில்வது எதன்பொருட்டு? அவர் உள்ளத்தில் அடைய விரும்பும் எல்லை யாது? இதனை ஹார்மோனிகா என்னும் சிறு கருவியைக் கொண்டு அறிய முயல்வோம். நம் கடைத்தெருக்களில் மவுத்தார்கன் என்று விற்கப்படுவது இதுவே.

ஐந்து விரற்கடை நீளமுள்ள கருவி இது. முகப்பில் பத்துத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். ஆக இருபது நாக்குகள். மூச்சை வெளியே ஊதினால் ஒரு நாக்கு ஒலிக்கும். உள்ளே இழுத்தால் மற்றொரு நாக்கு ஒலிக்கும். புல்லாங்குழலிலும் நாகசுரத்திலும் மூச்சை ஊத மட்டுமே இயலும். இழுக்கும் மூச்சும் இசையாவது இக்கருவிக்குரிய சிறப்பு. நம் நாடக மேடைகளில் ஒலித்த ஹார்மோனியமும், பாடகர் பின்னால் ஒலிக்கும் சுருதிப்பெட்டியும் இதே வகை நாக்குகளால் இயங்குவனவே. பழஞ்சீனத்தில் 'ஷெங்' என்னும் மூங்கிற்குழல் கருவியிலும் இத்தகைய நாக்கு உண்டு.

செருமனியில் வூர்ட்டம்பர்க் பகுதியைச் சார்ந்த ட்ரொசிங்கன் என்னும் சிற்றூரில் மத்தியாஸ் ஹோனர் என்னும் கடிகாரத் தொழிலாளர் ஒருவர் வாழ்ந்தார். அவர் 1857ஆம் ஆண்டில் ஹார்மோனிகா செய்யத் தொடங்கினார். முதல் ஆண்டில் வீட்டாரின் துணைகொண்டு அவர் செய்தவை 650 கருவிகள் என்பர். பின்னர் அவ்வூர்ப் பெயரே ஹார்மோனிகாவோடு பிரிக்க இயலாதவாறு இணைந்துவிட்டது. விலை குறைவு, சட்டைப் பையில் அடங்கும், மழையில் நனைந்த தோலும் இல்லை, அறுந்துபோக நரம்பும் இல்லை. ஆதலால், ஆடு மேய்ப்போனும் சுரங்கத்தில் உழைப்போனும் போர்முனை செல்லும் வீரனும் இதனை உடன் கொண்டு சென்றனர்.

இக்கருவியைக் கையில் எடுத்த எவர்க்கும் முதல் நாளே ஒலி வந்துவிடும். வீணையிலோ வயலினிலோ அவ்வாறு வருவதில்லை. எளிதில் வருகின்ற இவ்வொலியே ஒரு பொறி எனலாம். வாயை வைத்து ஊதியவுடன் மூன்று துளைகள் ஒருங்கே ஒலித்து இனிய கூட்டிசை எழும், கேட்போர் மகிழ்வர், ஊதியவரும் தமக்குக் கலை வந்துவிட்டதாக எண்ணுவர். அவருட் பலர் ஒரு திங்களில் கருவியை மேசை இழுப்பறையில் இட்டு மறந்துவிடுவர். எஞ்சிய சிலரே, 'ஒரு சுரம் மட்டும் தனித்து ஒலித்தல் வேண்டும்' என்று விரும்பத் தொடங்குகின்றனர். கலையன்பரின் முதல் விருப்பம் இதுதான். உதடுகளைக் குவித்து ஒரு துளையை மட்டும் பற்றுவது ஒரு முறை. நான்கு துளைகளை வாயால் மூடி, நாவினால் மூன்றை அடைத்து, ஒன்றை மட்டும் திறந்து விடுவது மற்றொரு முறை. இவ்விரண்டும் கைவருவதற்குள் உதடு புண்படுதலும் உண்டு.

அடுத்த விருப்பம் இதனினும் அரியது. அதனை அறிந்துகொள்ள இக்கருவியின் அமைப்பில் உள்ள ஒரு குறையை முதலில் காண வேண்டும். பத்துத் துளைக் கருவி மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று மண்டிலங்களுக்கும் செல்கின்றது. ஆனால், ஏழு சுரங்களும் முழுமையாக அமைந்திருப்பது இடையிலுள்ள சமன் மண்டிலத்தில் மட்டுமே. மெலிவு மண்டிலத்தில் ஊதினால் ச, க, ப என்பன வரும். இழுத்தால் ரி, ப, நி என்பன வரும். மவும் தவும், அஃதாவது பழந்தமிழர் உழை என்றும் விளரி என்றும் வழங்கிய சுரங்கள், அங்கே இல்லை! கருவி செய்தோர் அறியாமையால் விட்டவை அல்ல இவை. செருமானிய நாட்டுப் பாடல்களுக்கும் ஆடல்களுக்கும் துணையாகக் கூட்டிசை எழுப்புவதற்கென்றே அவ்வாறு அமைத்தனர். இருப்பினும், மெலிவு மண்டிலத்தில் ஒரு பாட்டை வாசிக்க விரும்புவோர்க்கு, பல்லிழந்த வாயாற் பேசுவது போன்ற இடர்ப்பாடு நேர்கின்றது.

இல்லாத சுரத்தை இக்கருவியினின்று எழுப்ப இயலுமா? இயலும். மூன்றாம் துளையில் ஊதினால் ப, இழுத்தால் நி. இவ்விரண்டிற்கும் இடையில்தான் காணாமற்போன த இருக்க வேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டே, நாவின் பின்பகுதியைத் தாழ்த்தி, வாயின் உட்குழியை மெல்ல மாற்றினால், ஒரே துளையிலுள்ள இரு நாக்குகளும் ஒன்றையொன்று தழுவி அசைந்து, சுரம் நியிலிருந்து கீழ்நோக்கி வழுகி இறங்கும். இதனை 'வளைத்தல்' என்பர். இரண்டாம் துளையில் ப இழுப்பிலும் க ஊதலிலும் இருத்தலின், அதே முறையில் ம கிடைக்கும். வலிவு மண்டிலத்தில் நி இல்லை. அதனைப் பத்தாம் துளையில் ஊதும் மூச்சை வளைத்துப் பெறுவர்.

சொல்வதற்கு இது நான்கு வரி. செய்வதற்கோ வாரக்கணக்கிலும், சிலர்க்கு மாதக்கணக்கிலும் ஆகும். வாய்க்குள் நிகழ்வதைக் கண்ணாற் காண இயலாது. ஆசிரியராலும் தொட்டுக் காட்ட இயலாது. கைவிரலைப் பிடித்து அரிச்சுவடி எழுதுவிப்பது போல நாவைப் பிடித்துக் கற்பிப்பார் உண்டோ? பயில்வோர் தாமே தேடித் தேடி, ஒரு நாள் திடீரெனக் கண்டடைதல் வேண்டும். கண்டடைந்தாலும், மூன்றாம் துளையில் தவைத் தாழாமலும் ஏறாமலும் உரிய இடத்தில் நிறுத்துவது தேர்ந்தோர்க்கும் எளிதன்று. ஹார்மோனிகா பயிலும் கலையன்பர் ஒருவரை, 'இவ்வாண்டு உமது விருப்பம் யாது?' என்று வினவினால், 'மூன்றாம் துளையைச் சுருதி பிசகாமல் வளைத்தல் வேண்டும்' என்று விடை கூறினாலும் கூறுவார். கேட்போர்க்கு இது நகைப்பாகத் தோன்றலாம். அவ்விடையின் பின்னுள்ள உழைப்பை எண்ணினால் நகைப்பு அடங்கிவிடும்.

இவ்வளைத்தலைப் பெருங்கலையாக வளர்த்தவர் அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்கள். அடிமைத்தளையினின்று விடுபட்டும் வறுமையினின்று விடுபடாத அவர்கள், ஊதும் சுரத்தை ஆதாரமாகக் கொள்ளாமல், இழுக்கும் பவையே ஆதாரமாகக் கொண்டு வாசித்தனர். அதனால் மனிதக் குரலின் ஏக்கமும் விம்மலும் கருவியில் எழுந்தன. ப்ளூஸ் என்னும் இசைக்கு ஹார்மோனிகா உயிராயிற்று. கண்பார்வை இழந்த சன்னி டெரி என்பவர் 1938ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கார்னெகி மண்டபத்தில் இதனை வாசித்தார். ட்ரொசிங்கன் தொழிலாளர் தம் கருவி இவ்வாறு பேசும் என்று கனவிலும் கருதியிரார்.

இத்துணைச் சிறப்பிருந்தும், இதனைக் கருவியென மதியாதோர் நெடுங்காலம் இருந்தனர். அமெரிக்க இசைக்கலைஞர் தொழிற்சங்கம் 1940களின் பிற்பகுதிவரை ஹார்மோனிகாவை விளையாட்டுப் பொருளாகவே கருதி, அதனை வாசிப்போரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. இதன் உறவாகிய ஹார்மோனியத்திற்கு நம் நாட்டில் நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. கமகம் பேசாது என்று கூறி, 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது. அவ்விலக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. நாக்குடைய கருவிகளுக்கு இரு நாடுகளிலும் நல்வாக்கு வாய்க்கவில்லை போலும்!

கலையன்பராகத் தொடங்கிப் பெரும்புகழ் பெற்றோரும் உளர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1914ஆம் ஆண்டில் பிறந்த லாரி ஆட்லர், 1927ஆம் ஆண்டில் அந்நகர நாளிதழ் ஒன்று நடத்திய போட்டியில் பீத்தோவனின் சிற்றிசை ஒன்றை வாசித்து வென்றார். மறு ஆண்டே வீட்டை விட்டு நியூயார்க் சென்றார். புகழ் பெற்ற பின்னும் பல ஆண்டுகள் இசைக்குறியீட்டைப் படிக்க அறியாதவராய், செவியறிவு ஒன்றையே துணையாகக் கொண்டிருந்தார். அவருக்கென்றே ஆங்கில இசைப்பேராசான் வான் வில்லியம்ஸ் 1951ஆம் ஆண்டில் ஓர் இசை இயற்றினார். ஆட்லர் கையாண்டது பன்னிரண்டு துளைகளும் நாற்பத்தெட்டு நாக்குகளும் உடைய வேறு வகை. பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் இடைச்சுரங்கள் எல்லாம் கிடைக்கும்.

அவரினும் என் உள்ளத்தைக் கவர்ந்தவர் டாமி ரெய்லி. கனடாவில் 1919ஆம் ஆண்டில் பிறந்து, செருமனியின் லைப்சிக் நகரில் வயலின் பயின்றுகொண்டிருந்தபோது, 1939ஆம் ஆண்டில் போர் மூண்டது. பகைநாட்டுக் குடிமகன் என்று அவரைச் சிறைமுகாமில் அடைத்தனர். போர் முடியும்வரை அவர்க்கு விடுதலை இல்லை. இளமையிலேயே பழகிய ஹார்மோனிகா அவரிடம் இருந்தது. முகாமில் கேட்போர் யார்? கைதட்டுவோர் யார்? ஆயினும், ஹைபெட்ஸ் என்னும் வயலின் மேதை ஒரு தொடரை எவ்வாறு இழைத்து வாசிப்பாரோ, அவ்வாறே இச்சிறு கருவியிலும் இழைத்து வாசித்தல் வேண்டும் என்று உறுதி பூண்டு ஆண்டுக்கணக்கிற் பயின்றார். விடுதலை பெற்று இலண்டன் திரும்பியபின், பெரிய வாத்தியக் குழுக்களோடு மேடையில் அமர்ந்து வாசித்தார். பிற்காலத்துப் புகழைவிட, அது வரும் என்று அறியாத நாளில் முகாமில் அவர் பயின்ற பயிற்சியே பெரிதென்பது என் கருத்து.

இவர்கள் ஆயிரவரில் ஒருவர். மற்றையோர் மேடை ஏறுவதில்லை. அவர் விருப்பங்கள் பலவகைப்படும். தனியே பயின்றவர்க்குப் பிறரோடு சேர்ந்து வாசிக்க ஆசை. தாளக்காரர் ஒருவரும் கிதார் வாசிப்பவர் ஒருவரும் உடனிருக்க, தம் முறை வருங்கால் நுழைந்து, முறை முடிந்தால் ஒதுங்கி நிற்கக் கற்றல், ஓராண்டுத் தனிப்பயிற்சியினும் கடினமானது. இத்தகையோர்க்கென அமெரிக்காவில் ஒரு சங்கம் தோன்றிற்று. ட்ரொசிங்கனில் நிகழ்ந்த உலக ஹார்மோனிகா விழாக்களுக்கும் பல நாட்டினர் வந்தனர். தந்தையார் வாசித்த பழம்பாட்டைத் தாமும் வாசித்துப் பேரக்குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்பது சில முதியோர் ஆசை. தாமே ஒரு மெட்டு அமைத்தல் வேண்டும் என்பது இளைஞர் ஆசை. கூச்சத்தால் வீட்டாரும் கேளாதவாறு மொட்டைமாடியில் வாசிப்பவர்க்கு, ஒரு முறையேனும் நால்வர் முன்னிலையில் நடுங்காமல் வாசிப்பதே பேராசை!

விண்வெளியில் முதன்முதல் ஒலித்த இசைக்கருவியும் கலையன்பர் ஒருவர் கையிலிருந்ததே. 1965ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், ஜெமினி 6 என்னும் விண்கலத்தில் உலகைச் சுற்றிய வால்ட்டர் ஷிர்ரா, வடக்கிலிருந்து தெற்கே விந்தையான ஊர்தி ஒன்று செல்வதாகத் தரையில் இருந்தோர்க்கு அறிவித்துத் திகைக்கச் செய்தார். பின், மறைத்துக் கொண்டு சென்ற நான்கு துளை ஹார்மோனிகாவை எடுத்துக் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை வாசித்தார். உடன் சென்ற ஸ்டாஃபோர்டு சிறுமணிகளைக் குலுக்கினார். அக்கருவி, விரலின் இரு கணு அளவே உள்ளது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிலையம் இதனை இன்றும் பேணி வைத்துள்ளது.

இறுதியாக மற்றொரு வகையினரையும் குறிப்பிடல் வேண்டும். நாட்பட்ட நுரையீரல் நோயால் மூச்சுத் திணறுவோர்க்கு, சில மருத்துவமனைகளில் ஹார்மோனிகா வகுப்பு நடத்துகின்றனர். நோயை இது தீர்க்கும் என்று யாரும் கூறவில்லை. ஆயினும், மூச்சை அளந்து ஊதுதலும் அளந்து இழுத்தலும் இக்கருவிக்கு இயல்பாதலின், மூச்சுப் பயிற்சியைச் சலிப்பின்றிச் செய்ய இது துணையாகின்றது. படி ஏறினால் இளைப்பு வாங்கும் முதியோர் வட்டமாக அமர்கின்றனர். தமக்கு இளமையில் தெரிந்த எளிய பாட்டொன்றை எடுத்துக்கொள்கின்றனர். வளைத்தலும் வேண்டா, தனிச்சுரமும் வேண்டா. பாட்டின் முதலடியிலிருந்து ஈற்றடிவரை மூச்சு அறாமல் செல்லுதல் வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். இரண்டாம் அடியில் நின்றுவிடுபவர் சற்றே இளைப்பாறிக்கொள்கின்றார். பக்கத்தில் இருப்பவர் வாசித்துக்கொண்டே செல்ல, நான்காம் அடியில் மீண்டும் சேர்ந்துகொள்கின்றார்.